அண்டாகிட்ட இரு

காலையில் அனுவுக்குக் கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். ராகி மால்ட் என்று பெயர் சொன்னால்தான் குடிப்பாள். பால், வெல்லம், பெயருக்குக் கொஞ்சம் ஏலக்காய். மாவு வேகத் தொடங்கும்போது முதலில் ஒரு பச்சை வாசனை வரும். பிறகு நனைந்த மண்ணும் புகையும் கலந்தாற்போல ஒன்று வரும். அந்த இரண்டாவது வாசனை வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஏழு வயதுப் பெண்ணுக்குப் பள்ளி வண்டி வரும் நேரம். அம்மாக்காரி புனேயின் வாகட் சாலையில் லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மம்மா, பஸ் டைம்" என்றாள் அனு.

ஆடி மாதத்திலிருந்து இந்த வாசனையை வீட்டுக்குள் விடாமல் இருந்தேன். இன்று மறந்துபோய் விட்டுவிட்டேன். உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் என் கூச்சலைக் கேட்டு ஒரு மனிதரை அடித்துவிட்டார்கள். தொலைந்துபோன என் மகளின் கையைப் பிடித்துப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவரை. உதடு கிழிந்தது, மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதெல்லாம் ஆறிவிட்டது என்கிறார்கள். ஆறாத ஒன்று இருக்கிறது. அது என்னவென்று புரிய, முதலில் அண்டாவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது ஆகுர்டிக்கு அடுத்து லோக்கல் ரயில் நிற்கும் ஊர். ராணுவக் கிடங்குகளில் வேலை கிடைத்து ஆரணியிலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வரிசை வீடுகளில் தங்கி, பிறகு திரும்பிப் போக மறந்துவிட்டார்கள். வரும்போது மூட்டை முடிச்சோடு மாரியம்மனையும் கொண்டுவந்தார்கள். ஆடியில் கூழ் ஊற்றுவது வெயில் தணிவதற்காக, மழை வேண்டுவதற்காக என்பார்கள். புனேயில் ஆடி என்றால் அடைமழை. கேட்காமலே அம்மன் கொட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் தார்பாய்க்கு அடியில் நின்று, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, மழை தா தாயே என்று உருகிப் பாடுவோம். இதில் ஏதோ பொருந்தவில்லை என்று எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது. அதற்கு முன் உறைக்காததற்குக் காரணம் கூழ். வாயில் கூழ் இருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது.

பெரிய பித்தளை அண்டா. மராத்திக்காரர்கள் அதை ஹண்டா என்பார்கள். கோயிலுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில், தார்பாய்க்குக் கீழே கல் கூட்டிய அடுப்பில் அது உட்கார்ந்திருக்கும். கூழோடு வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. புனேக்கு வந்த பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்டது தேச்சா. பச்சை மிளகாயும் பூண்டும் இடித்து வைத்தது, நாக்கில் பட்டால் காது அடைக்கும். ஆரணியில் இருக்கும் என் மாமா ஒருமுறை வந்தபோது, "கூழுக்கு இதையா தொட்டுக்குவாங்க, தெய்வக் குத்தம்" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை தொட்டுக்கொண்டார்.

கரகம் கிளம்பினால் வரிசை வீடுகள் வழியாகப் போய், ரயில் கேட்டைத் தாண்டி, பஜாரைச் சுற்றிக்கொண்டு வரும். பின்னால் பொய்க்கால் குதிரை, மேளம். மேளத்துக்குப் பின்னால் ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும். பிள்ளைகள் தொலையாமல் என்ன செய்யும்? எனவே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. தனியாக அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையை எவர் பார்த்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து அண்டாவுக்குப் பக்கத்தில் விட்டுவிட வேண்டும். அங்கே ஒரு சாக்கு விரித்திருக்கும். பிள்ளை அதில் குந்தும். கையில் ஒரு தம்ளர் கூழ் கொடுப்பார்கள். அம்மா வரும்வரை அங்கேயே இருக்கும். அவ்வளவுதான். யார் பிள்ளை, எந்தச் சாதி, எந்த மொழி, கூட்டி வந்தவர் யார் என்றெல்லாம் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அம்மாக்கள் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "தொலைஞ்சா அண்டாகிட்ட இரு."

அம்மாக்கள் உடனே வரவும் மாட்டார்கள். அது எனக்கு இப்போது நினைத்தாலும் வியப்பு. என்னை முதல்முறை அண்டாவுக்குக் கொண்டுவந்தது ஒரு லுங்கிக்காரர். அவர் முகம் நினைவில் இல்லை, அவர் கையில் சோப்பு வாசனை அடித்தது நினைவிருக்கிறது. நான் சாக்கில் உட்கார்ந்து ஊரே கலங்கும்படி அழுதேன். அம்மா சாவகாசமாக வந்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே.

"எங்கம்மா போன, நான் தொலைஞ்சிட்டேன்."

"எங்க தொலைஞ்ச? அண்டாகிட்டதானே குந்திக்கினு இருக்கிற."

அவள் அகராதியில் அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை தொலைந்த பிள்ளை ஆகாது. இந்த ரகசியம் புரிந்த பிறகு நான் அடுத்தடுத்த ஆண்டுகளில் வேண்டுமென்றே தொலைய ஆரம்பித்தேன். வரிசையில் நிற்காமல் கூழ் கிடைக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு ரயில் கேட் பக்கம் நின்றால் போதும், யாராவது ஒருவர் கூட்டிப் போவார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த செல்வி அக்காதான் என்னைக் கண்டுபிடித்தவள். அப்போது அவளுக்குக் கல்யாணமான புதிது. "பெயிண்டர் பொண்ணு, நீ காலைலேர்ந்து ரெண்டாவது தடவை தொலையிற. இன்னொரு வாட்டி தொலைஞ்சா பாத்திரம் கழுவ வெச்சிருவேன்" என்றாள். என் அப்பா கிடங்கில் ராணுவ வண்டிகளுக்கு எண் எழுதும் பெயிண்டர்.

ஒருமுறை கழுத்தில் துளசி மாலை போட்ட ஒரு மராத்திச் சிறுமியை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். அவள் அம்மா தேடிக்கொண்டு வந்து பார்க்கும்போது, அந்தப் பெண் கருவாட்டுக் குழம்பை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். விட்டலனைக் கும்பிடும் வாரகரிக் குடும்பம், முட்டைகூடத் தொடாதவர்கள். அந்த அம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு "அக பாயீ" என்றாள். நாங்கள் நடுங்கிப்போய் நின்றோம். அவள் முந்தானையால் பெண்ணின் வாயைத் துடைத்தாள், கூழை மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள், "மீட் ஜாஸ்த ஆஹே", உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறு வருடத்திலிருந்து பஜாரில் பிள்ளையைக் காணோம் என்று எந்த மராத்திக்காரி தேடினாலும், "ஹண்ட்யாபாஷீ பக" என்று இன்னொருத்தி சொல்லத் தொடங்கினாள். ஹண்டாகிட்டே பார்.

பிறகு நான் படித்தேன், வங்கியில் சேர்ந்தேன், கல்யாணம் ஆயிற்று. வெகுகாலம் கழித்து அனு பிறந்தாள். தாமதமாகப் பிறந்த பிள்ளைக்கு அம்மா எப்படி இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி வண்டி எங்கே போகிறது என்பது என் கைப்பேசியில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி சிக்னலில் நின்றால் என் இதயமும் நிற்கும். அனுவுக்கு என் எண் மனப்பாடம், வீட்டு முகவரி மனப்பாடம். முன்பின் தெரியாதவர்களோடு பேசக் கூடாது, எதுவும் வாங்கித் தின்னக் கூடாது, தொட்டால் கத்த வேண்டும். எல்லாம் ஒப்பிப்பாள், ஆங்கிலத்தில். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். என் அப்பா இருந்தவரை அவரோடு பேசுவாள். அவர் போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

இந்த வருட ஆடியில், திருவிழாவுக்கு முந்தைய வாரம், அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறதாம், உஷார். எந்த ஊர், எந்த நாள் என்று ஒன்றும் இல்லை. நான் அதை இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பி வைத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நிம்மதியோடு தூங்கவும் செய்தேன்.

திருவிழா இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஊரின் பாரம்பரிய விழா என்று மராத்தியில் பதாகை. தலைவர்களின் படங்கள், அவற்றுக்குக் கீழே சின்னதாக அம்மன். ஒரு மேடையில் மராத்திக்காரர்களின் லேஜிம் ஆட்டம், இன்னொன்றில் கரகம். டோல் தாஷா அடிப்பவர்கள் காவித் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஒரு பக்கம், எங்கள் மேளக்காரர்கள் ஒரு பக்கம். புனேயிலிருந்து காமிராவும் கையுமாக வருகிறார்கள். குறை சொல்லவில்லை, கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் கணவருக்கு அன்று ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை. நானும் அனுவும் மட்டும் போயிருந்தோம். ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். இது தாத்தா எண் எழுதிய கிடங்கு, இது நான் விழுந்த சாக்கடை. அண்டாவையும் காட்டினேன். "இவ்ளோ பிக்கா" என்றாள். தொலைந்தால் இங்கே வந்து இரு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. ஏனென்றால் என் கணக்கில் அவள் தொலையவே மாட்டாள். நான்தான் கையைப் பிடித்திருக்கிறேனே.

பொய்க்கால் குதிரை வந்தது. வீடியோ எடுப்பதற்காகக் கையை விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் இல்லை. அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தாஷா ஓசையில் எனக்கே கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிற மழைக்கோட்டில் இருப்பதுபோலத் தெரிந்தது. அப்போது கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவள் மஞ்சள் ரிப்பனைப் பார்த்தேன். ஒரு ஆள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தான். அவள் அழாமல் கூடவே நடந்துகொண்டிருந்தாள். அழாமல் போனாளே, அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது.

நான் கத்தினேன். "பகடோ உஸ்கோ, பச்சி லேகே ஜா ரஹா ஹை." அவனைப் பிடியுங்கள், குழந்தையைக் கொண்டுபோகிறான்.

இந்தியில்.

எத்தனையோ முறை இதை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் பிறந்த ஊர், எங்கள் அம்மன் கோயில், சுற்றிலும் பாதிப் பேர் ஆரணிக்காரர்கள். பயம் வந்தபோது என் வாயிலிருந்து வந்தது வங்கியிலும் ஆட்டோக்காரரிடமும் அபார்ட்மெண்ட் காவலாளியிடமும் பேசும் மொழி. வெளியே என்றால் இந்தி என்று நாக்குப் பழகிவிட்டது. தமிழில் கத்தியிருந்தால் தமிழர்கள்தான் திரும்பியிருப்பார்கள். அண்டாவை நோக்கிப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவரைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்திருக்கும். என் இந்தி, வெளியூரிலிருந்து வந்த வாலிபர்கள் காதில் விழுந்தது. அந்த வீடியோவைப் பார்த்திருந்த வாலிபர்கள்.

அவர்கள் அடித்தபோது அந்த மனிதர் அனுவின் கையை விட்டுவிட்டு, அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அண்டாகிட்ட, அண்டாகிட்ட" என்றார். அதை நான் கேட்டேன். கேட்டதும் ஓடிப் போய்த் தடுத்தேன் என்று எழுத ஆசைதான். முதலில் நான் அனுவைத் தூக்கிக்கொண்டேன். அவள் கை கால் முகம் எல்லாம் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நிறுத்துங்கள் என்றேன். அதற்குள் இன்னும் சில அடிகள் விழுந்திருந்தன.

கூட்டத்தைப் பிளந்தது செல்வி அக்கா. தலை நரைத்துவிட்டது. கையில் கூழ் கிண்டுகிற துடுப்பு, அதிலிருந்து கூழ் வழிந்துகொண்டிருந்தது. அதை ஓங்கியதும் வாலிபர்கள் விலகினார்கள். கூழ் சட்டையில் படுமே என்ற பயமாகவும் இருக்கலாம். கீழே கிடந்தவரைப் பார்த்தாள்.

"அய்யோ சேகரு." பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "பெயிண்டர் பொண்ணா நீ?"

நான் தலையாட்டினேன்.

"நீ குந்தாத சாக்கா அது?"

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேகரை எழுப்பிக் கொண்டுபோய் அண்டாவுக்குப் பக்கத்தில் அதே சாக்கில் உட்கார வைத்தார்கள். என் வயதுதான் இருக்கும். ஆகுர்டியில் வீடு, தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இருந்தாலும் ஆடி தவறாமல் வருவாராம். தொலைந்த பிள்ளை மாதிரி அவர் கையில் ஒரு தம்ளர் கூழைக் கொடுத்தாள் செல்வி அக்கா. கிழிந்த உதட்டில் பட்டதும் முகம் சுளித்தார்.

"உப்பு தூக்கல் அக்கா."

"அது உன் ரத்தம்டா. மூடிக்கினு குடி."

சுற்றி நின்றவர்களில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். அனு என் பிடியிலிருந்து நழுவிப் போய் சாக்கின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஒரு தம்ளர் கிடைத்தது. முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த எதையும் வாயில் வைக்காத பெண் அதைக் குடித்தாள்.

"ஏன் கண்ணு அவரோட போன?" என்றேன், கடைசியில்.

"தாத்தா மாதிரி பேசினாங்க" என்றாள். "யார் வூட்டுப் பாப்பான்னு கேட்டாங்க."

நான் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். வார்த்தை சரியாக வந்ததா என்று தெரியாது. அவர் உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாத கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார்.

"வுடுங்கம்மா. புள்ளயத் தொலைச்சவங்களுக்குக் கண்ணு தெரியாது. உங்க எடத்துல நானா இருந்தாலும் கத்தியிருப்பேன்." ஒரு வாய் குடித்தார். "இன்னா, தமிழ்ல கத்தியிருப்பேன்."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உள்ளே இருக்கிறது.

என் கணவர் மதுரைக்காரர், எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். "நீ கத்தாம இருந்து, நெசமாவே எவனாவது கூட்டிட்டுப் போயிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், நாளைக்கே அப்படி ஒரு காட்சியைப் பார்த்தாலும் நான் கத்துவேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும்.

சில வாரங்கள் கழித்து சேகர் வீட்டுக்குப் போனேன். பழங்கள் வாங்கிக்கொண்டு, என்ன பேசுவது என்று லோக்கல் ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு. அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. பழத்தை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். கண்ணாடி புதிதாக மாற்றியாயிற்று, காயம் ஆறிவிட்டது என்றார். நான் எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. முந்தாநாளு எதிர் வூட்டுப் பாப்பா படியில உருண்டு வுழுந்துட்டா. முட்டி பூரா ரத்தம், அப்படி அழுவுது. இவரு கதவாண்டதான் நிக்கிறாரு. தூக்கல. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினு என்னைக் கூப்புடுறாரு, நீ வந்து தூக்கு, நீ வந்து தூக்குன்னு. புள்ளைங்கன்னா உசுர வுடுற மனுசன்." டீ தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்ல. பாத்துப் போங்க."

படி இறங்கும்போது எதிர் வீட்டுப் பாப்பா முட்டியில் கட்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. நானும் அதைத் தொடவில்லை.

விழாக் குழு கூட்டம் போட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆடியிலிருந்து பிள்ளைகளுக்குக் கையில் பட்டை கட்டுவார்களாம், அதில் பெற்றோர் எண் இருக்கும். தொலைந்த குழந்தையைக் கண்டால் யாரும் தொட வேண்டாம், போலீஸ் பந்தலுக்குத் தகவல் கொடுங்கள் என்று மூன்று மொழிகளில் பலகை வைப்பார்களாம். சரியான ஏற்பாடுதான். ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைகூப்பி ஆமோதித்திருந்தார்கள். செல்வி அக்கா மட்டும் பதில் போடவில்லை. அவளுக்குத் தட்டச்சு செய்யத் தெரியாது என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

ஜன்னலை விட்டு வந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். கிண்ட மறந்ததில் மால்ட் அடிப்பிடித்துவிட்டது. அனு குடித்துப் பார்த்தாள்.

"அந்த அண்டா கூழ் மாதிரி ஸ்மெல் வருது" என்றாள். மேலுதட்டில் மால்ட் மீசை. "மம்மா, நெக்ஸ்ட் இயர் நான் தொலைஞ்சா அண்டாகிட்டப் போகணுமா?"

நான் சொல்ல வேண்டிய நாளில் சொல்லாத வாக்கியம். அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இல்ல கண்ணு. போலீஸ் அங்கிள்கிட்ட."

"ஏன்? அண்டா இருக்காதா?"

"அண்டா இருக்கும்" என்றேன். கீழே பள்ளி வண்டியின் ஹார்ன் கேட்டது. அவள் பையை எடுத்து மாட்டிவிட்டேன். "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்க மாட்டாங்க."